முதல் வருஷம் மண்வெட்டி வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம்.

குளிர் நாட்டில் புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் சமையலறையைத் திறந்து பார்ப்பார்கள், குழாயைத் திருகிப் பார்ப்பார்கள். தோட்டத்துக்கு ஜன்னல் வழியாக ஒரு பார்வைதான். அதுவும் பனிக்காலத்தில் போனால் அங்கே என்ன இருக்கும்? ஈர மண், நாலு காய்ந்த குச்சி. உடனே தோன்றும்: எல்லாவற்றையும் கொத்திப் புரட்டிவிட்டு, நமக்குப் பிடித்ததை நடலாம் என்று.

தயவுசெய்து கொத்தாதீர்கள். இன்று நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு வருஷம் முழுக்க அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள்.

ஏனென்றால், உங்களுக்கு முன் அங்கே இருந்தவர் நட்டுவிட்டுப் போனது அடியில் தூங்குகிறது. ஸ்னோட்ராப், டாஃபடில், டியூலிப் என்ற வசந்தகாலப் பூக்கள் எல்லாமே வெங்காயம் மாதிரி குமிழிலிருந்து வருகிறவை. டியூலிப்புக்கு 12 முதல் 16 வாரம் குளிர் பட்டால்தான் தண்டு சரியாக எழும். நாம் வெறும் மண் என்று நினைக்கிற அந்த மாதங்களில்தான் அதற்கு வேலை நடக்கிறது.

வெங்காயம் என்றேன் அல்லவா, அதில் ஓர் எச்சரிக்கை. எங்கள் வீட்டிலேயே அத்தை ஒரு குமிழைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்கே பாரும்மா, வெங்காயம் தானா முளைச்சிருக்கு" என்று சமையலறைக்கு வந்துவிட்டார். வாங்கிக் கீறி முகர்ந்தேன். வெங்காய வாசனையே இல்லை; விரலில் வழவழவென்று ஒட்டியது. டாஃபடில் குமிழ். லைகோரின் என்ற நஞ்சு உள்ளது. தின்றால் கடுமையான வாந்தி வரும். "அத்தை, கையைக் கழுவுங்க முதல்ல" என்றேன். பெயர் தெரியாத எதையும் தோட்டத்திலிருந்து அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம். வாசனை இல்லாத வெங்காயம் வெங்காயமே இல்லை.

அந்த டாஃபடிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் குடிவந்த முதல் வசந்தத்தில் வேலியோரம் முழுக்க மஞ்சளாகப் பூத்தது. நான் ஒரு செடி நடவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. தினமும் காலையில் அங்கேதான் போய் நிற்பேன். பூ உதிர்ந்ததும் இலைகள் சாய்ந்தன, நுனி மஞ்சளித்தது, பார்க்க நன்றாக இல்லை. உறவினர்கள் வரப்போகிறார்கள் என்று அத்தனை இலையையும் அடியோடு கத்தரித்துவிட்டேன். மறு வசந்தத்தில் இலை வந்தது, பூ வரவில்லை. வேலியோரம் முழுக்கத் தேடினேன். இரண்டே இரண்டு பூ.

நடந்தது இதுதான். பூ முடிந்த பிறகுதான் அந்த இலை அடுத்த வருஷத்துக்கு உணவு சமைத்துக் குமிழுக்குள் இறக்குகிறது. அடுத்த பூவின் மொட்டு அந்த உணவை நம்பித்தான் உள்ளே உருவாகிறது. இலையுதிர்காலத்தில் ஒரு குமிழை நெடுக்காக அறுத்துப் பார்த்தால் நடுவில் அந்த மொட்டே தெரியும், அரிசியளவில். நான் வெட்டியது இலையை மட்டுமல்ல, மறு வருஷப் பூவையும். பூ உதிர்ந்து குறைந்தது ஆறு வாரம் இலையைத் தொடாதீர்கள். முடிச்சுப் போட்டுக் கட்டிவைப்பதும் கூடாது, வெயில் படாது. வாடிய பூவின் தலையை மட்டும் கிள்ளிவிடுங்கள். விதை கட்டுவதில் சத்து வீணாகாது. ஆறு வாரம், மறக்க வேண்டாம். எங்கள் வேலியோரம் பழையபடி பூக்க மேலும் இரண்டு வசந்தம் காத்திருந்தேன்.

இன்னொன்று: எது எங்கே வந்தது என்று அன்றன்றே எழுதி வையுங்கள், பக்கத்தில் ஒரு குச்சியும் நட்டுவையுங்கள். கோடையில் இலை மறைந்ததும் இடம் மறந்துபோகும். மண்வெட்டி நேராகக் குமிழின்மேல் இறங்கும்.

புதர்களைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: லைலாக், ஃபோர்சித்தியா இரண்டும் போன வருஷக் கிளையில் பூப்பவை. பனிக்காலத்தில் கத்தரித்தால் மொட்டும் போய்விடும். பூத்து முடிந்த கையோடு கத்தரியுங்கள்.

கடைசியாக, பியோனி என்ற பூச்செடி. மண்ணிலிருந்து விரல் விரலாகச் சிவப்பு முளை வந்தால் அது பியோனியாக இருக்கலாம். அதன்மேல் மண் அணைக்காதீர்கள். முளை கிளம்பும் மொட்டுக்கண் 5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் பூ எடுக்காது. அதை இடம் மாற்றவும் வேண்டாம், பல பத்தாண்டு அங்கேயே வாழும். வணக்கம்.