அந்த மருமகள் சாப்பிட்டாளா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். வைரஸிடமிருந்து உடம்பைக் காப்பதில் பெரும்பங்கு உணவுக்கா, மருந்துக்கா? உணவுக்கே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். "புது மருமகள் வைத்த ரசத்தைக் கண்டு மாமனார் ஓடுவார், வைரஸ் ஓடுமா?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை.

ஓடாதுங்க ஐயா. ரசம் குடித்து எந்த வைரஸும் செத்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். தினமும் வைட்டமின் சி மாத்திரை போட்டாலும் சளி பிடிப்பது பெரும்பாலோருக்குக் குறைவதில்லை. பிடித்த சளி கொஞ்சம் சீக்கிரம் விடும், அவ்வளவுதான். வைரஸோடு சண்டை போடுவது ரத்தத்தில் உள்ள வெள்ளணு. அந்த வெள்ளணு எதைத் தின்று வளர்ந்தது என்பதுதான் என் கேள்வி. வைரஸைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை ஆன்டிபாடி என்கிறோமே, அது புரதத்தால் ஆனது. பருப்பும் முட்டையும் மீனும் உள்ளே போகாமல் அது எங்கிருந்து வரும்? தடுப்பூசி போட்டே ஆக வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஊசி பாடம் சொல்லிக்கொடுக்கும். பாடம் படிக்கிற அணு பட்டினி கிடந்தால் பாடம் ஏறுமா?

இப்போது ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். சீனாவின் வடகிழக்கில் கேஷான். 1935-ல் அங்கே ஒரு நோய் வந்தது. இதயத் தசை நைந்துபோகும், இதயம் வீங்கும், ஆள் போய்விடுவார். யாரைப் பிடித்தது தெரியுமா? சின்னப் பிள்ளைகளையும், பிள்ளை பெறும் வயதுப் பெண்களையும். இதை ஞாபகத்தில் வையுங்கள், திரும்ப வருவேன்.

காரணம் மண்ணில் இருந்தது. அந்த மண்ணில் செலினியம் என்ற தாது மிகக் குறைவு. மண்ணில் இல்லாதது தானியத்தில் இல்லை, தானியத்தில் இல்லாதது தட்டில் இல்லை. ஒரு நாளைக்கு வேண்டியது 55 மைக்ரோகிராம்தான். ஒரு கிராமை பத்து லட்சமாகப் பிரித்து அதில் 55 பங்கு. அது இல்லாமல் இதயம் நின்றது. 1970-களில் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை அரை மில்லிகிராம், பெரிய பிள்ளைகளுக்கு ஒரு மில்லிகிராம் சோடியம் செலினைட் கொடுத்தார்கள். நோய் அடங்கியது. "பார்த்தீர்களா, மாத்திரை!" என்று எதிரணி துள்ளுகிறது. உட்காருங்கள். மண்ணும் தானியமும் தராமல் விட்டதைத்தான் அந்த மாத்திரை தந்தது. அது தட்டில் விடுபட்ட சோறு.

ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. மண் வருஷா வருஷம் அதே மண். நோய் மட்டும் ஒரு வருஷம் கூடுகிறது, ஒரு வருஷம் குறைகிறது. ஏன்? கூடவே காக்சாக்கி என்ற வைரஸும் இருந்தது. 1995-ல் அமெரிக்காவில் ஆய்வாளர் மெலிண்டா பெக் குழுவினர் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். இதயத்துக்குக் கெடுதல் செய்யாத சாது காக்சாக்கி வைரஸ் ஒன்றை எடுத்தார்கள். நல்ல தீனி தின்ற எலிக்குச் செலுத்தினார்கள், இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. செலினியம் இல்லாத தீனி தின்ற எலிக்குச் செலுத்தினார்கள், இதயம் புண்ணானது.

இதோடு முடிந்தால் நான் இவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டேன். புண்ணான எலியிலிருந்து அந்த வைரஸை எடுத்து, நன்றாகத் தின்று கொழுத்த எலிக்குச் செலுத்தினார்கள். அதன் இதயமும் புண்ணானது!

இன்னொரு தடவை, மெதுவாகச் சொல்கிறேன். சாதுவாக உள்ளே போன வைரஸ், குறையுள்ள உடம்புக்குள் பெருகும்போது தன் மரபெழுத்தில் ஆறு இடங்களை மாற்றிக்கொண்டு, முரடாக வெளியே வந்தது. அப்படி வந்தது, வயிறார உண்டவனையும் அடித்தது. பக்கத்து வீட்டுத் தட்டில் குறை இருந்தால் உங்கள் வீட்டு இதயத்துக்கு ஆபத்து, ஐயா!

உடனே போய் செலினியம் மாத்திரை வாங்காதீர்கள். அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உதிரும். மீனிலும் முட்டையிலும் இருக்கிறது. துத்தநாகம் (ஜிங்க்) என்ற இன்னொரு தாது பயறில் இருக்கிறது, ஆனால் அதே பயறில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதை உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போட்டுவிடும். பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை நன்றாக வடித்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி வையுங்கள். முளை விடும்போது அந்தக் கட்டு தளரும். நீர் தேங்கினால் கொழகொழத்து நாறும், கொட்டிவிடுங்கள். முருங்கைக்கீரையை ஒரு கரண்டி எண்ணெயில் வதக்குங்கள். எண்ணெய் இல்லாமல் அதன் கரோட்டின் உடம்பில் சரியாகச் சேராது. அதிலிருந்து வரும் வைட்டமின் ஏ-தான் மூக்கு, தொண்டை, நுரையீரலின் உள்தோலைக் காக்கிறது. 1932-ல் லண்டனில் தட்டம்மை கண்ட 600 பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வைட்டமின் ஏ உள்ள மீன் ஈரல் எண்ணெய் கொடுத்தார்கள். கொடுக்காத 300 பேரில் 26 பேர் இறந்தார்கள். கொடுத்த 300 பேரில் 11. அந்தப் பதினைந்து பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்.

எதிரணித் தலைவரே, உங்கள் மருமகளிடம் வருகிறேன். அவள் ரசத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்தீர்கள். அவள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டீர்களா? மீன் குழம்பில் நடுத்துண்டு மாமனாருக்கு, அடுத்தது கணவனுக்கு, வால்பக்கம் பிள்ளைக்கு. கடைசியில் அவள் சட்டியை வழித்து, அந்தக் குழம்பில் சோற்றைப் பிசைந்து, அடுப்பு மேடையருகே நின்றபடியே சாப்பிடுகிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க அவள் மடியில்தான் கிடக்கும். அது இருமுவது அவள் முகத்தில். கேஷானில் நோய் யாரைப் பிடித்தது என்று சொன்னேன்?

நடுவர் அவர்களே, நாளைக்கு அவளுக்கென்று ஒரு முட்டையை முதலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு தீர்ப்பைச் சொல்லுங்கள். வணக்கம்.