பதறாத காரியம் சிதறாது

கூட்டத் தலைவர் ஐயா அவர்களே, வரவேற்புரை ஆற்றிய செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் வைத்திருந்ததில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட மருத்துவர் அம்மா அவர்களே, என் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க முன்வரிசையில் காத்திருக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் அவர்களே, இந்த வயதிலும் ஒரு கூட்டம் தவறாமல் வரும் நம் புரவலர் ஐயா அவர்களே, ஒலிபெருக்கித் தம்பியே, தாய்மார்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அன்றாட வாழ்க்கையில் முடிவெடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். வேலை, உடல்நலம், பணம், குடும்பம் என்று நான்காகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். நான்கையும் பேசுவேன். ஆனால் நான் எங்கே சுற்றினாலும் எங்கே வந்து நிற்பேன் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். பின்வரிசையில் இப்போதே சிரிக்கிறார்கள். ஆமாம், நோட்டுதான். வீட்டுக்கு ஒரு முடிவு நோட்டு.

‘பதறாத காரியம் சிதறாது’ என்று நம் பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். பதறாமல் இருப்பது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: எழுதுங்கள். கை எழுதுகிற வேகத்துக்கு மனசு இறங்கி வந்துதான் ஆக வேண்டும்.

முதலில் வேலை. 1772-ல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானிக்கு ஒரு பிரபுவிடமிருந்து நல்ல வேலை வந்தது. போகலாமா, வேண்டாமா என்று குழம்பி, அமெரிக்க அறிஞரான தன் நண்பர் பெஞ்சமின் பிராங்க்ளினிடம் யோசனை கேட்டார். நாமாக இருந்தால் உடனே ‘போய்யா’ என்றோ ‘போகாதே’ என்றோ சொல்லியிருப்போம். பிராங்க்ளின் சொல்லவில்லை. என்ன முடிவெடுப்பது என்று என்னால் சொல்ல முடியாது, எப்படி எடுப்பது என்று சொல்கிறேன் என்று பதில் எழுதினார். ஒரு தாளின் நடுவில் கோடு போடு. இந்தப் பக்கம் சாதகம், அந்தப் பக்கம் பாதகம். மூன்று நான்கு நாள் வைத்திருந்து, தோன்றத் தோன்ற எழுது. பிறகு எடை போட்டுப் பார்த்து, சமமானவற்றை இரண்டு பக்கமும் அடித்துவிடு. மிச்சம் எந்தப் பக்கம் நிற்கிறதோ அதுதான் முடிவு. இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கோடு இல்லை, அந்த மூன்று நான்கு நாள். பிரீஸ்ட்லி கடைசியில் அந்த வேலைக்குப் போனார். வேலை பற்றி இவ்வளவு போதும்.

இந்த இடத்தில் சார்லஸ் டார்வினைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. 1838-ம் வருஷம். கப்பலில் உலகத்தைச் சுற்றிவிட்டு வந்தாயிற்று, வயது 29. கல்யாணம் செய்துகொள்வதா, வேண்டாமா? மனிதர் பென்சிலை எடுத்தார். ஒரு பக்கம் ‘செய்துகொள்’, இன்னொரு பக்கம் ‘செய்துகொள்ளாதே’. வேண்டாம் என்கிற பக்கத்தைக் கேளுங்கள்: நினைத்த இடத்துக்குப் போக முடியாது. சாயங்காலம் உட்கார்ந்து படிக்க முடியாது. புத்தகம் வாங்கப் பணம் குறையும். உடம்பு பெருத்துச் சோம்பேறி ஆகிவிடுவேன். அப்புறம், சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்! (பாருங்கள், ஆண்கள் பக்கம் கைதட்டல் பலமாக இருக்கிறது. யார் யார் தட்டினார்கள் என்று அம்மாக்கள் குறித்துக்கொள்ளட்டும்.) சரி, வேண்டும் என்கிற பக்கம்? வயதான காலத்தில் துணை. குழந்தைகள். வீட்டில் சங்கீதம், பேச்சு. அதோடு ஒரு வரி எழுதினார்: எப்படியும் நாயை வளர்ப்பதைவிட மேல்! இதற்கு அம்மாக்கள் பக்கம் கைதட்டல் இல்லை. நியாயம்தான்.

கடைசியில் ‘செய்துகொள், செய்துகொள், செய்துகொள்’ என்று மூன்று தடவை எழுதி, வடிவியல் தேற்றத்தின் அடியில் போடுவதுபோல ‘நிரூபிக்கப்பட்டது’ என்று முடித்தார். அத்தோடு விட்டாரா? செய்துகொள்வது என்று ஆனபிறகு, இப்போதா பிறகா என்று அடுத்த பக்கத்தில் ஆரம்பித்தார்! 1839 ஜனவரியில் எம்மாவோடு திருமணம் நடந்தது. பத்துக் குழந்தைகள் பிறந்தார்கள். நோயும் நொடியுமாக இருந்த மனிதரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது அந்த அம்மாள்தான். அந்த அம்மாளிடமும் ஒரு பென்சிலைக் கொடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அதனால்தான் சொல்கிறேன், வீட்டு நோட்டில் ஒருவர் மட்டும் எழுதக் கூடாது. இரண்டு கையெழுத்து வேண்டும்.

பணத்துக்கு வருகிறேன். மேலாளர் ஐயா கவனிக்க வேண்டும். ‘பத்து சதவீத வட்டிதான், இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள்’ என்கிறார்கள். இன்றைக்கே என்ற வார்த்தை வந்தாலே பேனாவை மூடுங்கள். நோட்டில் போட்டுப் பார்ப்போம். கடன் 1,200. ஒரு வருஷத்துக்கு வட்டி 120. மாதம் 110 வீதம் 12 தவணை. முதல் தவணையிலேயே அசலில் 100 திரும்பப் போய்விட்டது. இப்படியே குறைந்து குறைந்து, கடைசி மாதம் உங்கள் கையில் இருக்கும் கடன் வெறும் 100. ஆனால் வட்டி என்னவோ வருஷம் முழுக்க 1,200-க்கும் போட்டாகிவிட்டது. சராசரியாக உங்களிடம் இருந்தது 650-தான். 650-க்கு 120 என்றால் என்ன ஆகிறது? ஏறக்குறைய 18 சதவீதம்! மேலாளர் தலையாட்டுகிறார், நன்றி ஐயா. அவர்கள் பொய் சொல்லவில்லை. நாம் எழுதிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பதறாத காரியம் சிதறாது.

உடல்நலம் பற்றி மருத்துவர் அம்மா அருமையாகச் சொல்லிவிட்டார். ஒன்று மட்டும். மாடிப்படி ஏறி ஓடிவந்த கையோடு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, 140-க்கு மேல் காட்டுகிறதே என்று அன்றைக்கே உயில் எழுத உட்காருகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் இருந்து பார்க்க வேண்டும். வேறு வேறு நாளில் பார்த்த அளவுகளை நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு நாள் அளவை வைத்துப் பதறவும் வேண்டாம், ஒரு நாள் நன்றாக இருந்தது என்று மாத்திரையை நீங்களே நிறுத்தவும் வேண்டாம். மூச்சு முட்டுகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் நோட்டைத் தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே என் பழமொழி செல்லாது.

செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். அவர் மணி பார்ப்பதில் கெட்டிக்காரர், குறை சொல்லவில்லை. குடும்பம் என்று நான்காவது ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். டார்வின் கல்யாணத்தில் அதைச் சேர்த்துக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். ஒரு முடிவுக்கு ஒரு பக்கம். தேதி, என்ன முடிவு, ஏன் அப்படி எடுத்தோம், யாரெல்லாம் சம்மதித்தார்கள், எப்போது திரும்பப் பார்க்க வேண்டும். அந்த ‘ஏன்’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். எந்த வீட்டிலும் விவகாரம் கெட்டுப்போன பிறகு ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று ஒருவர் எழுந்து வருவார். அப்போது பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம், அவர் கையெழுத்தும் அங்கே இருக்கும்! முடிவு சரியாக வந்திருந்தாலும் புரட்டிப் பாருங்கள். யோசித்துச் செய்ததால் வந்ததா, அதிர்ஷ்டத்தில் தப்பித்தோமா என்று தெரியும்.

வாசலில் மேசை போட்டு நோட்டு வைத்திருக்கிறோம். இலவசம்தான். தலைவர் ஐயா முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். தம்பதியாக வந்தவர்கள் சேர்ந்தே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். தனித்தனியாக வந்து ஆளுக்கு ஒன்று கேட்டால் தரமாட்டோம். நன்றி, வணக்கம்.