பிள்ளை துள்ளுவது சீனியாலா? குசினியில் ஒளிந்திருக்கும் உண்மையான ஆள் யார்?

[திரையில்: கோயில் திருவிழாக் கடைகள். ரோஸ் நிறத் தும்புமுட்டாசுடன் ஓடும் ஒரு சிறுவனின் முதுகு]

வணக்கம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல். வைகாசி வெக்கை, விடிய விடியச் சனம். என் அக்காவின் மகனுக்கு ஏழு வயது. ஒரு தும்புமுட்டாசை முடித்தவன் அடுத்த இரண்டு மணித்தியாலம் நிற்கவே இல்லை. மணலில் ஓட்டம், கடைக்குக் கடை ஓட்டம், ஒரு கச்சான்காரியின் கூடைக்கு மேலால் பாய்ச்சல். அக்கா சொன்னார்: "பார், சீனி தலைக்கு ஏறிட்டுது." பக்கத்தில் நின்ற பெரியம்மா விடவில்லை. "உந்த ஏடிஎச்டி எண்டுறது இவனுக்கும் இருக்குமோ? ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டு பிள்ளை."

ஒரு தும்புமுட்டாசு, அதற்குள் ஒரு நோய்க்கணிப்பு. டொக்டருக்குக் கூட இவ்வளவு வேகம் வராது.

இன்று நான் சொல்லப்போவது இதுதான்: சீனி இந்த வழக்கில் குற்றவாளி இல்லை. நான் சந்தேகப்படும் ஆள் இன்று காலையும் உங்கள் வீட்டில் பாணுக்குப் பக்கத்தில் ஆவி பறக்க இருந்திருப்பார். பெயரைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன், அதற்குள் எழும்பிப் போய்விடாதீர்கள்.

முதலில் பாடம், ஒரே மூச்சில். ஏடிஎச்டி உள்ள பிள்ளைக்குக் கவனத்தை ஒரு இடத்தில் நிறுத்துவதும் அவசரத்தை அடக்குவதும் கடினம். ஓட்டிசம் உள்ள பிள்ளை மற்றவர்களோடு பழகுவதும், சத்தத்தையும் ருசியையும் தொடுகையையும் உணர்வதும் வேறு விதமாக இருக்கும். இரண்டும் மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு, பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு. தாய் வளர்த்த பிழை இல்லை. எந்தச் சாப்பாடும் இவற்றை மாற்றி எடுத்துவிடாது. அப்படி எடுக்கும் என்று யாராவது போத்தலில் அடைத்து விற்றால், போத்தலை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அப்போ சாப்பாட்டைப் பற்றி ஏன் பேச வேண்டும்? ஐந்து வயதுப் பிள்ளையின் உடல் செலவழிக்கும் சக்தியில் 40 சதவீதத்துக்கும் மேல் மூளைக்கே போகிறது. ஏற்கனவே சிரமப்பட்டு ஓடும் இயந்திரத்துக்கு எண்ணெயும் குறைந்தால் என்ன நடக்கும் என்று உழவு மெசின் வைத்திருக்கும் வன்னி ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, சீனிக்கு வருவோம். இது எனக்கு மிகவும் பிடித்த கதை.

1994இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு. ஐந்து முதல் ஏழு வயதுள்ள 35 ஆண் பிள்ளைகளும் அவர்களின் தாய்மாரும் வந்தார்கள். "என் பிள்ளைக்குச் சீனி ஒத்துவராது, குடித்தால் ஆடுவான்" என்று சொன்ன தாய்மார் அவர்கள். எங்கள் அக்கா மாதிரி. பாதித் தாய்மாரிடம் "உங்கள் பிள்ளைக்கு இப்போது நிறையச் சீனி கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். மீதிப் பேரிடம் "கொடுத்தது சீனி இல்லை" என்றார்கள். பிறகு தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடுவதை வீடியோ எடுத்தார்கள்.

உண்மையில் ஒரு பிள்ளைக்கும் சீனி கொடுக்கவில்லை! எல்லோருக்கும் கொடுத்தது அஸ்பார்டேம், அதாவது சீனி இல்லாத இனிப்பு.

முடிவைக் கேளுங்கள். "சீனி கொடுத்தோம்" என்று சொல்லப்பட்ட தாய்மார், தங்கள் பிள்ளை கூடுதலாகத் துள்ளியதாக எழுதிக் கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. வீடியோவில் பார்த்தால், அந்தத் தாய்மார் பிள்ளையை ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். கூடுதலாகப் பார்த்தார்கள், கூடுதலாகக் கதைத்தார்கள், கூடுதலாகக் குறை சொன்னார்கள். "அதைத் தொடாதே, இங்கே வா, ஏன் இப்படிச் செய்கிறாய்." சீனி பிள்ளையின் வயிற்றுக்குள் போகவில்லை, தாயின் கண்ணுக்குள் போயிருந்தது.

இதை அக்காவிடம் சொன்னேன். "அந்த அமெரிக்கக்காரர் ஒருநாள் இவனோட இருந்து பாக்கட்டும்" என்றார். ஞாயமான கேள்விதான். அதனால் ஒரு ஆய்வோடு விடவில்லை. அதுவரை நடந்த ஆய்வுகளை 1995இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆய்வு செய்தவருக்கும் எது சீனி, எது போலி என்று தெரியாமல் கொடுத்தபோது, பிள்ளைகளின் நடத்தையில் வித்தியாசம் வரவில்லை. அப்போ கோயிலில் அவன் ஏன் ஓடினான்? நித்திரை முழித்த ஏழு வயதுப் பையன், வெளிச்சம், பறைமேளம், மணல், மச்சான்மார் ஆறு பேர். ஓடாமல் இருந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

சீனி நல்லது என்று நான் சொன்னதாக யாரும் வெட்டி வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். பல்லுக்கும் பின்னாளில் வரும் நீரிழிவுக்கும் அது கணக்குச் சொல்லியே ஆகும்.

ஆனால் தும்புமுட்டாசு முழுவதும் சுத்தவாளி இல்லை. அதன் நிறம் இருக்கிறதே! 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் செயற்கை நிறங்களும், சோடியம் பென்சோயேட் என்ற கெடாமல் காக்கும் பொருளும் கலந்த பானம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியில் துடியாட்டம் கொஞ்சம் கூடியது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் இல்லை, சிலருக்குக் கூட, சிலருக்கு ஒன்றுமே இல்லை. 2010 முதல் ஐரோப்பாவில் அந்த ஆய்வில் பயன்பட்ட ஆறு நிறங்களில் ஒன்று இருந்தாலும், பிள்ளைகளின் துடியாட்டத்தையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்று பொதியில் எழுத வேண்டும். எங்கள் இலங்கையில் 2016 முதல் சோடாப் போத்தலில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் இருக்கிறது. அது சீனியின் அளவைத்தான் சொல்கிறது. சீனியைக் குறைத்துப் பச்சை வட்டம் வாங்கிய சோடாவிலும் நிறம் இருக்கலாம்.

[திரையில்: ஒரு கோப்பை பிளேன்ரீ. இசை நிற்கிறது]

இவர்தான் அந்த ஆள்.

எங்கள் பிள்ளைகள் எத்தனை வயதில் தேத்தண்ணி குடிக்கத் தொடங்குகிறார்கள்? நான் பாணைத் தோய்த்துச் சாப்பிட்டதுதான் எனக்குத் தெரிந்த முதல் காலைச் சாப்பாடு. விடிய எழும்பினால் தேத்தண்ணி, புட்டோடு தேத்தண்ணி, பள்ளிக்கூடத்தால் வந்தால் தேத்தண்ணி. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் அரிசியிலும் உள்ள இரும்புச்சத்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு குடித்தால் உடம்பில் சேரும் இரும்பு பாதிக்கும் கீழே போகலாம். அம்மா முருங்கையிலை ஆய்ந்து, வறை வறுத்து, ஊட்டிவிட்டு, கடைசியில் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்து எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிவிடுகிறா. பால் விட்டால் சரியாகாதா என்று கேட்காதீர்கள். பாலின் கல்சியமும் இரும்புக்குத் தோழன் இல்லை.

இதற்கும் மூளைக்கும் என்ன? கவனத்துக்கும் ஊக்கத்துக்கும் வேண்டிய டோபமின் என்ற பொருளை மூளை செய்யும்போது ஒரு நொதி வேலை செய்கிறது. அந்த நொதிக்கு இரும்பு வேண்டும். ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை கைவைப்பதும் இதே டோபமினில்தான். 2004இல் பிரான்சில் ஏடிஎச்டி உள்ள 53 பிள்ளைகளின் இரத்தத்தில் பெரிட்டின், அதாவது சேமித்து வைத்த இரும்பு, எவ்வளவு என்று பார்த்தார்கள். 84 சதவீதத்தினருக்குக் குறைவு. ஒப்பிட்ட மற்றப் பிள்ளைகளில் 18 சதவீதத்தினருக்குத்தான் குறைவு. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லவில்லை, சில ஒத்துப்போகின்றன, சில இல்லை. இரும்பு குறைந்ததால் ஏடிஎச்டி வந்தது என்று இதற்கு அர்த்தமும் இல்லை. ஆனால் இரும்பு குறைந்த பிள்ளை களைத்து, எரிச்சல்பட்டு, கவனம் சிதறி இருக்கக்கூடும். ஏடிஎச்டி உள்ள பிள்ளைக்கு அதுவும் சேர்ந்தால் பாரம் இரண்டு மடங்கு.

ஒன்றைக் கவனியுங்கள்: எச்பி, அதாவது இரத்தத்தின் சிவப்புப் பொருளான ஹீமோகுளோபின், சரியாக இருந்தாலும் பெரிட்டின் குறைந்திருக்கலாம். வீட்டுக் களஞ்சியம் காலியானபிறகும் பானையில் இன்றைக்கு அரிசி இருப்பது மாதிரி. டொக்டரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். நீங்களாகவே பார்மசியில் இரும்புக் குளிசை வாங்கிக் கொடுக்க வேண்டாம். அளவு மீறினால் சின்னப் பிள்ளைக்கு அது நஞ்சு.

தேத்தண்ணியை நிறுத்தச் சொன்னால் என்னை ஊரை விட்டே துரத்துவார்கள், அதனால் சொல்லவில்லை. ஒரு மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள். அப்புறம், கீரையில் தேசிக்காய் பிழியுங்கள். விற்றமின் சி இரும்பை உள்ளே இழுத்துவிடும். வறையில் நெத்தலியோ மீனோ சேர்ந்தால் இன்னும் நல்லது.

மீன் என்றதும் ஒமேகா 3, அதாவது மீனில் உள்ள ஒரு நல்ல கொழுப்பு. சுருக்கமாக: ஏடிஎச்டிக்கு ஒமேகா 3 குளிசையால் கிடைக்கும் பலன் இருந்தாலும் சின்னது, சில ஆய்வுகளில் அதுவும் இல்லை. அந்தக் காசுக்கு முல்லைத்தீவுக் கரையில் சூடை மீன் வாங்குங்கள், வீடே சாப்பிடும். குளத்துத் திலாப்பியாவில் புரதம் உண்டு, ஒமேகா 3 குறைவு. வல்லாரை? சம்பல் அருமை. பரீட்சையில் பாஸாக்கிவிடும் என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

ஏடிஎச்டி மருந்து எடுக்கும் பிள்ளைக்கு மதியம் பசிக்காமல் போகலாம். காலையில் குளிசைக்கு முதல் வயிறு நிறையக் கொடுங்கள், இரவில் ஈடு செய்யுங்கள்.

ஓட்டிசத்தில் கதை வேறு. அங்கே முதல் பிரச்சினை எந்தச் சத்து என்பது இல்லை, பிள்ளை சாப்பிடுமா என்பது. மற்றப் பிள்ளைகளைவிட இவர்களுக்குச் சாப்பாட்டுச் சிக்கல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. வெறும் சோறு, பாண், ஒரே கம்பனி பிஸ்கட். பிஸ்கட்டின் கவர் மாறினால் அதுவும் இல்லை. அது பிடிவாதம் இல்லை. எங்களுக்குச் சாதாரணமாக இருக்கும் கத்தரிக்காயின் வழுவழுப்பு அந்தப் பிள்ளைக்கு வாய்க்குள் புழு மாதிரி இருக்கலாம். இப்படி மூன்று நான்கு சாப்பாட்டோடு வருடக்கணக்கில் இருந்த பிள்ளைகளுக்கு ஸ்கேவி வந்ததை மருத்துவ இதழ்கள் பதிந்திருக்கின்றன. பழைய காலக் கப்பல்காரருக்கு வந்த அதே வியாதி. கால் நொந்து நடக்க மறுத்த பிள்ளைக்கு என்னென்னவோ பரிசோதனை செய்து, கடைசியில் தெரிந்தது விற்றமின் சி இல்லை என்பது.

இந்தப் பிள்ளைக்குத்தான் வெளிநாட்டிலிருந்து அத்தை போன் எடுத்து "குளூட்டனையும் பாலையும் நிப்பாட்டுங்கோ" என்பார். குளூட்டன் கோதுமையில் உள்ள புரதம். அதை நிறுத்தினால் ஓட்டிசத்தின் குணங்கள் குறையும் என்பதற்கு ஆய்வுகளில் நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வருவது வேறு இடத்தில். அத்தை குளூட்டன் இல்லாத பிஸ்கட்டைப் பார்சலில் அனுப்புகிறார். வந்து சேரும் வீட்டில் அரிசிமாப் புட்டு, குரக்கன், கொடியில் காயும் ஒடியல். கோதுமை மா இல்லாத அம்மம்மாவின் குசினி முழுக்கவே அந்த பிஸ்கட் கடைதான்! ஆனால் பாணும் பாலும் மட்டுமே சாப்பிடும் பிள்ளையிடமிருந்து அந்த இரண்டையும் பறித்தால் மிஞ்சுவது என்ன? அங்கே எனக்குச் சிரிப்பு வராது.

செய்யக்கூடியது மெதுவான வேலை. வெள்ளைப் புட்டு சாப்பிடும் பிள்ளையா? ஒரு மேசைக்கரண்டி சிவப்பரிசி மா மட்டும் கலவுங்கள். நிறம் பழகட்டும். பிறகு இரண்டு. பிடித்த சாப்பாட்டுக்குள் கீரையை ஒளித்து வைக்க வேண்டாம். கண்டுபிடித்தால், கீரையோடு புட்டும் போய்விடும். புதுச் சாப்பாட்டைப் பக்கத்துக் கோப்பையில் வையுங்கள், தொட்டாலே போதும், பத்துப் பதினைந்து தரம் வைக்க வேண்டி வரும். "ஒரு வாய் ராசா, ஒரே ஒரு வாய்" என்று பின்னால் திரிய வேண்டாம், அம்மம்மாமாரே, உங்களைத்தான் சொல்கிறேன். நிறை குறைந்தால் வளர்ச்சிப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.

எங்கள் அக்கா இப்போது தேத்தண்ணியைப் பின்னேரம் நாலு மணிக்குத்தான் கொடுக்கிறார். மருமகனுக்கு ஏடிஎச்டி இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார், பெரியம்மா இன்னும் நம்பவில்லை. உங்கள் பிள்ளை மாற்றாமல் சாப்பிடும் அந்த மூன்று சாப்பாடு எவை என்று கீழே கொமென்டில் எழுதுங்கள். புட்டு எழுதியவர்களுக்கு அடுத்த வீடியோவில் குரக்கன் புட்டை மெதுமெதுவாகப் பழக்குவது எப்படி என்று அக்காவின் குசினியிலிருந்தே காட்டுகிறேன், அவர் உள்ளே விட்டால்.