பத்தாயத்து நெல்லும் வாய்க்கால் தண்ணீரும்

நடுவர் அவர்களே, காணும் பொங்கலன்று டி.வி.யை நிறுத்திவிட்டு இந்த அரசலாற்றங்கரைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, மேடைக்குக் கீழே கரும்பு கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'நிறைவான வாழ்க்கைக்குப் பெரிதும் வேண்டியது பணமா, நேரமா?' என்பது தலைப்பு. நேரமே என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். எதிரணித் தலைவர் நம் மேலத்தெரு அண்ணன். சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கிறார். வந்ததும் ஒரு போடு போட்டார். "நேரம் நேரம் என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தால் உலை கொதிக்குமா?" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். கொதிக்காதுதான்.

நடுவர் அவர்களே, நான் கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். காலை பத்து மணியிலிருந்து ராத்திரி ஏழு மணி வரை என் கண் முன்னால் ஓடுவது பணம்தான். எல்லாம் அடுத்தவர் பணம், அது வேறு விஷயம். அதனால் பணத்தை இளப்பமாகப் பேச எனக்கு வாய் வராது. பட்டிமன்றம் ஏறினால் நாலு குறளாவது சொல்லிவிட்டு இறங்க வேண்டும் என்பது வழக்கம். எதிரணியில் ஏற்கெனவே மூன்று சொல்லிவிட்டார்கள். குறள் போதும், எனக்குத் தெரிந்த வரவு செலவுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002, 2003 இரண்டு வருஷமும் வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணை திறக்கவில்லை. குறுவை நெல் சாகுபடி போயிற்று. வட்டி ஏறியது. 2003-ல் நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். அப்பா சவுதிக்கு விமானம் ஏறினார். 2022-ல் திரும்பி வந்தார். பத்தொன்பது வருஷம். நடுவில் எட்டுத் தடவை லீவு, தடவைக்கு இரண்டு மாதம். எட்டு இரண்டு பதினாறு மாதம், அதாவது 480 நாள். பத்தொன்பது வருஷத்துக்குச் சுமார் 6,940 நாள். அதில் எங்களுக்கு வரவு 480.

இதைச் சொல்லி உங்களை அழ வைக்க நான் வரவில்லை. அந்தப் பணத்தில்தான் கடன் அடைந்தது, அத்தைக்குக் கல்யாணம் ஆனது, ஓட்டு வீடு தளம் போட்ட வீடானது, நான் பி.காம். முடித்தேன். 2018-ல் என் படிப்பு முடிந்தபோது எல்லாத் தேவையும் முடிந்துவிட்டது. அந்தப் பதினைந்து வருஷத்தை எதிரணிக்கே கொடுத்துவிடுகிறேன். எடுத்துக்கொள்ளுங்கள். பணம்தான் வேண்டியிருந்தது.

என் வழக்கு மிச்சம் நாலு வருஷத்தைப் பற்றியது. அந்த நாலு வருஷம் எதற்கு? மாடிக்கு. தெருவில் நாலு வீட்டில் மாடி இருக்கிறது, நமக்கும் வேண்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், போனில் மாடி கேட்டவர்களில் நானும் ஒருத்தி. மாடி வந்தது. கிரானைட் போட்டு, பால்கனி வைத்து, ஏ.சி.க்கு ஓட்டை கூட விட்டு. இப்போது அங்கே அம்மா வடகம் காயப் போடுகிறார். 2019-ல் தாத்தா இறந்தார். அப்பா வந்து சேர்ந்தபோது பால் தெளித்து முடித்திருந்தார்கள்.

இந்த நாலு வருஷத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? ஆபீசில் எனக்கு எல்லாத் தலைப்பும் தெரியும். இதற்குத் தலைப்பு இல்லை.

சரி, இதிலிருந்து நான் எங்கே வருகிறேன்? இது டெல்டா. நெல்லும் தண்ணீரும் நமக்குச் சொல்லிக்கொடுக்காத கணக்கு இல்லை. பணம் பத்தாயத்து நெல் மாதிரி. இந்த வருஷம் போட்டு வைத்து அடுத்த வருஷம் எடுக்கலாம். கொஞ்சம் புழு அரிக்கும், கொஞ்சம் எலி தின்னும், ஆனாலும் இருக்கும். நேரம் அப்படி இல்லை. அது வாய்க்கால் தண்ணீர். முறை வைத்து விடுகிறார்கள். உங்கள் முறை வரும்போது மண்வெட்டியோடு மடையில் நிற்க வேண்டும். "ராத்திரி தூங்கிவிட்டேன், என் பங்கை நாளைக்குக் கொடுங்கள்" என்று யாரிடம் போய்க் கேட்பீர்கள்? அது அதற்குள் கடைமடை தாண்டிக் கடலுக்குப் போயிருக்கும்.

எதிரணி இப்போது எழுந்து, "ஏன், தண்ணீரைத் தேக்க முடியாதா? மேட்டூரில் 120 அடிக்குத் தேக்கவில்லையா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். 1934-லிருந்து மேட்டூர் அணை நிற்கிறது, 93.47 டி.எம்.சி. பிடிக்கும். நேரத்துக்கு ஒரு மேட்டூரை எந்த இன்ஜினீயராவது கட்டியிருக்கிறாரா? 'ரிட்டயர் ஆன பிறகு வாழ்ந்துகொள்ளலாம்' என்று சொல்கிறவர்கள் எல்லோரும் இல்லாத அணையில் தண்ணீர் தேக்குகிறவர்கள். முழங்கால் வலியோடு போய் ஷட்டரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும்?

எது சுகம், எது ஆடம்பரம் என்பதற்கு எதிரணி கார், பங்களா, வெளிநாட்டுச் சுற்றுலா என்று பட்டியல் போட்டார்கள். நானும் ஒரு வருஷம் ஆடம்பரச் செலவு செய்தேன். 325 ரூபாய். ஜூன் 12 திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாலு நாளாகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து விடுவார்கள். அரசலாற்றில் நம்ம ஊருக்கு வர இன்னும் சில நாள். அன்றைக்கு மத்தியானம் வருகிறது என்று அம்மா போன் செய்தார். லீவு மிச்சம் இல்லை, அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். பிடித்துக்கொள்ளட்டும் என்று பஸ் ஏறினேன்.

வெள்ளம் என்று நினைக்காதீர்கள். கணுக்கால் அளவுகூட இல்லை. காய்ந்து கிடந்த மணலில் ஒரு நுரைக் கோடு ஊர்ந்து வந்தது. முன்னால் சருகு, ஒரு தேங்காய் மட்டை, யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு. மணல் உஸ்ஸென்று உறிஞ்சியது, குமிழி விட்டது, மறுபடி கோடு ஒரு முழம் நகர்ந்தது. பையன்கள் அதற்கு முகம் காட்டிக்கொண்டே பின்பக்கமாக ஓடினார்கள். கீழத்தெருப் பாட்டி மடியிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்து வீசி, குனிந்து அந்த நுரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இருபது நிமிஷம் இருக்கும். பிறகு அது சாதாரண ஆறாகிவிட்டது. அன்றைக்கு வராமல், ஞாயிற்றுக்கிழமை வந்து இரட்டைப் பணம் கொடுத்தாலும் அந்த இருபது நிமிஷத்தை எனக்கு யாரும் விற்க மாட்டார்கள்.

அடுத்து, எதிரணிச் சகோதரி கேட்ட கேள்வி. இது நல்ல கேள்வி, நின்று பதில் சொல்ல வேண்டும். "இதெல்லாம் வயிறு நிறைந்தவர்கள் பேச்சு. அன்றாடங்காய்ச்சிக்கு நேரம் எதற்கு, கூலிதானே வேண்டும்?" என்றார்கள்.

சகோதரி, 1923 மே 1-ம் தேதி சென்னைக் கடற்கரையில் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். இந்தியாவிலேயே அதுதான் முதல் மே தினம். மே தினம் எந்தக் கோரிக்கையில் பிறந்தது? எட்டு மணி நேர வேலை. ஏழைத் தொழிலாளிதான் உலகம் முழுக்க நேரத்தைக் கேட்டுத் தெருவில் நின்றவன். நம் தஞ்சை ஜில்லாவையே பாருங்கள். பண்ணையாளுக்குக் கூலி குறைவு என்பது பாதிக் கதை. அவருடைய பொழுது அவருக்குச் சொந்தமில்லை என்பது மீதிக் கதை. விடியுமுன் வயலில் இருக்க வேண்டும், இருட்டிய பிறகும் பண்ணை வீட்டு வேலை. 1952-ல் தஞ்சாவூருக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது என்றால் அதற்கு முன்னால் எவ்வளவு போராட்டம் நடந்திருக்க வேண்டும்! கிட்டத்தில் 2023-க்கு வாருங்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தரும் சட்டத்திருத்தம் ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று திரும்பப் பெற்றுவிட்டதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் கொடியேற்றிச் சரியாக நூறு வருஷம். நேரம் வசதியானவர்கள் பேச்சு என்றால் இத்தனை பேர் எதற்குக் கொதித்தார்கள்?

பணத்தால் நேரத்தை வாங்கலாம், மிஷின் வாங்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். வாங்கினோமே. பத்துப் பேர் நாள் முழுக்க அறுத்த வயலில் பெல்ட் வண்டி இறங்கி ஒரு காபி குடித்து வருவதற்குள் வேலையை முடிக்கிறது. மிச்சமான நேரம் எங்கே போயிற்று? உங்கள் சட்டைப் பையில் அதிர்ந்துகொண்டிருக்கிறதே, அங்கேதான். காபி என்றதும் நினைவு வருகிறது, பைபாஸ் முழுக்கக் கும்பகோணம் டிகிரி காபி என்று போர்டு. டபராவில் ஆற்றிக் குடிக்கக் கொடுக்கிறார்கள். நாமோ வண்டியை ஆஃப் செய்யாமல் நின்று வாயைச் சுட்டுக்கொள்கிறோம். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி. நாலு வீதி சுற்ற அதற்கு எவ்வளவு பொழுதாகிறது! வேகமாகப் போனால் அது தேர் இல்லை, லாரி.

என் அப்பாவை நடுவில் விட்டுவிட்டேன். இப்போது சாயங்காலம் ஆனால் தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வருகிறார். முதல் ஆறு மாதம் அவருக்குச் சும்மா உட்காரவே தெரியவில்லை. மணி பார்ப்பார், எழுந்து போய் மோட்டாரைப் பார்ப்பார், திரும்ப வருவார். பிறகு மெதுவாகப் படிந்தது. ஒரு கொழுந்து வெற்றிலையை எடுத்து, வேட்டியில் இரண்டு பக்கமும் துடைத்து, காம்பைக் கிள்ளி, நுனியைக் கிள்ளி, முதுகு நரம்பை நகத்தால் உரிப்பார். சுண்ணாம்பை ஆள்காட்டி விரலில் தொட்டு, இலையின் பின்புறம் ஒரே இழுப்பு. டாக்டர் பாக்கைக் குறைக்கச் சொல்லியிருப்பதால் சீவல் நாலே நாலு இழை, எண்ணிப் போடுவார். பத்து ரூபாய்கூட ஆகாது. கால் மணி நேரம் ஆகும். தாத்தா நரம்பு உரிப்பதும் இப்படித்தான். அப்பா எப்போது பார்த்துக் கற்றுக்கொண்டார் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், அந்த லீவு நாட்களில்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக எதிரணித் தலைவர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. அண்ணே, போகியன்று காலையில் நீங்கள் வந்து இறங்கியதை நான் பார்த்தேன். ரயிலில் இடம் கிடைக்காமல், ஆம்னி பஸ்ஸில் மூன்று மடங்கு கொடுத்து வந்ததாகப் பிள்ளையார் கோயில் வாசலில் நீங்களே சொன்னீர்கள். அவ்வளவு பணத்தைக் கொட்டி என்ன வாங்கினீர்கள்? இந்த ஊரில் நாலு நாள். பணமே பெரிது என்று பேசுகிறவர் செய்கிற காரியமா அது?

ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்கு வண்டி. பெரியம்மா இரண்டாவது வரிசையில், தூணோரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் பேசியபோது ஒரு வாதத்துக்கும் அவர்கள் கை தட்டவில்லை, உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவர் அவர்களே, எனக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்தீர்கள். இன்னும் மூன்று நிமிஷம் மிச்சம் இருக்கிறது. அதை அண்ணன் பெயரில் வரவு வைத்துக்கொள்ளுங்கள். அண்ணே, மேடையை விட்டு இறங்குங்கள். பெரியம்மா பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.