செம்பருந்தின் தலையில் உள்ள கோடுகள்

அனைவருக்கும் வணக்கம்.

பறக்கும் வேட்டைப் பறவைகளைப் படம் எடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் கையில் எதுவும் நிற்காது. அதனால் ஒரே ஒரு பறவையை எடுத்துக்கொள்கிறேன். செம்பருந்து. நம் வீட்டுப் பெரியவர்கள் கருடன் என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அதுதான்.

சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் காலையில் படகுகள் கரைக்குத் திரும்பும் நேரத்தில் போய் நில்லுங்கள். கழித்துப் போடும் மீனுக்காகத் தலைக்கு மேலேயே சுற்றும். மீன் பிடிக்கும் இன்னொரு வேட்டைப் பறவையான விராலடிப்பானைப் போல இது தண்ணீருக்குள் பாயாது. தாழ வந்து, மேலே கிடப்பதைக் காலால் அள்ளிக்கொண்டு போய்விடும். சில நேரம் பறந்தபடியே காலை முன்னால் நீட்டி, தலையைக் குனிந்து, மீனைக் கொத்தித் தின்னும். அந்த ஒரு நொடிக்காகவே நான் திரும்பத் திரும்ப அங்கே போகிறேன்.

இந்தப் பறவையில் ஒரு சிக்கல் உண்டு. தலையும் மார்பும் தூய வெள்ளை. இறக்கையும் முதுகும் செங்காவி நிறம். முதல் வருடம் நான் எடுத்த படங்களில் உடம்பு அழகாக இருக்கும், தலை மட்டும் சுண்ணாம்பு அப்பியது போல இருக்கும். கண் தெரியும், அலகு தெரியும், இறகு தெரியாது. உண்மையில் அந்த வெள்ளை இறகு ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய கருங்கோடு ஒன்று ஓடுகிறது. பென்சிலை நன்றாகச் சீவி இழுத்தது போன்ற கோடு. அது படத்தில் தெரிந்தால்தான் எக்ஸ்போஷர், அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு, சரி என்று அர்த்தம்.

கேமராவிடம் விட்டுவிட்டால் அது சரியாக வராது. பின்னால் வெளிச்சமான வானம் இருந்தால் கேமரா படத்தை இருட்டாக்கும். அதே பறவை பனைமரக் கூட்டத்தின் முன்னால் போனால் வெளுக்க வைத்துவிடும். பறவைமேல் விழும் வெயில் என்னவோ ஒன்றுதான். அதனால் அளவுகளை நாமே முடிவு செய்யும் மேனுவலில் வையுங்கள். நல்ல வெயிலில், வெளிச்சம் உள்ளே வரும் நேரமான ஷட்டர் 1/2500 நொடி, லென்ஸின் திறப்பான அபர்ச்சர் எஃப் 6.3, கேமரா ஒளியை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ. 400. விடிந்து கொஞ்ச நேரமே ஆகியிருந்தால் ஐ.எஸ்.ஓ.வை 800க்கு ஏற்றிக்கொள்ளலாம். அப்புறம், பருந்து வரும்வரை சும்மா நிற்காதீர்கள். கரையில் வெள்ளைக் கொக்கு ஏதாவது வெயிலில் நின்றுகொண்டிருக்கும். அதை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கொக்கின் இறகு தனித்தனியாகத் தெரிந்தால், அதே வெயிலில் வரும் பருந்தின் தலையும் தெரியும். மேகம் மறைத்தால் இன்னொரு முறை கொக்கைப் பாருங்கள்.

ஃபோகஸைத் தொடர் ஃபோகஸில் வையுங்கள், அப்போதுதான் நகரும் பறவையைக் கேமரா விடாமல் தெளிவாகப் பிடிக்கும். புதிய கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாங்களே பிடித்துக்கொள்கின்றன, மிகப் பெரிய உதவி. ஆனால் பருந்து தூரத்தில் சின்னதாக இருக்கும்போதே கேமராவின் கட்டத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். தலைக்கு மேல் வந்தபின் 400 மி.மீ. லென்ஸில் தேடினால் வெறும் வானம்தான் கிடைக்கும். கண்ணைப் பறவையை விட்டு எடுக்காமல் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும், இடுப்பு திரும்பட்டும்.

இதையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். எங்கே நிற்பது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு வருடங்கள் ஆயின. பருந்து எதிர்காற்றில்தான் வேகம் குறைந்து இறங்கும். அப்படியானால் காற்றும் வெயிலும் நம் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். மார்கழி, தை மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், காலை வெயில் தென்கிழக்கிலிருந்து வரும். கிழக்குக்கு முதுகைக் காட்டி நின்றால் ஒவ்வொரு பருந்தும் முகத்தில் வெயிலோடு உங்களைப் பார்த்தே இறங்கும். ஆனி, ஆடியில் அதே இடத்தில் நின்று பாருங்கள். மேற்கிலிருந்து காற்று வீசும், வால்தான் கிடைக்கும். கிழக்கிலிருந்து கடற்காற்று வீசத் தொடங்குவதற்குள் வெயில் உச்சிக்கு வந்து இறக்கையின் அடிப்பக்கம் இருண்டுபோகும். அந்த நேரத்தில் ஆழமில்லாத தண்ணீர், வெளிர் மணல் இவற்றின் மேல் தாழப் பறக்கும் பறவையை மட்டும் எடுங்கள். கீழிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் இறக்கைக்குள் ஏறும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரை வீசி வரவழைக்காதீர்கள். மலேசியாவின் லங்காவியில் சுற்றுலாப் படகுகள் கோழித்தோலை வீசிச் செம்பருந்துகளைக் கூட்டுவது உண்டு. படம் எளிதாகக் கிடைக்கும், ஆனால் மீன் தேட வேண்டிய பறவை படகுச் சத்தத்துக்குக் காத்திருக்கப் பழகிவிடும். கூட்டின் பக்கமும் போகாதீர்கள். நான் சொன்ன மார்கழி, தை இவை கூடு கட்டும் காலமும்தான். சுள்ளியோடு ஒரு பருந்து போனால் பறக்கும்போது எடுங்கள், அது எந்த மரத்துக்குப் போகிறது என்று பின்னால் போகாதீர்கள்.

பழவேற்காடு போக முடியாதவர்கள் மாலையில் மொட்டைமாடிக்குப் போங்கள். சென்னையில் கரும்பருந்துக்குப் பஞ்சமில்லை. அது சுற்றாத நாளில் புறாவை எடுங்கள். பருந்தைவிட வேகமாகப் போகும். புறாவைக் கட்டத்துக்குள் வைத்திருக்கப் பழகிய கைக்குச் செம்பருந்து நிதானமாகத் தெரியும்.