வாப்பிங் விடுதிக்காரி

வணக்கம் நேயர்களே.

2007 செப்டம்பரில் ஆஸ்திரேலியா வந்த கனடா பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் ஒரு பழைய நாடக நோட்டீஸைப் பரிசாகக் கொடுத்தார். ஒட்டாவா நூலகத்தில், யாரோ ஒட்டிவைத்த பழந்தாள் தொகுப்புக்குள் கிடந்தது அது. ஆஸ்திரேலியாவில் அச்சானவற்றில் இன்று எஞ்சியிருப்பதில் மிகப் பழையது அதுதான்.

தேதி 1796 ஜூலை 30, சனிக்கிழமை. இடம் சிட்னி நாடகக் கொட்டகை. முதலில் 'ஜேன் ஷோர்' என்ற சோக நாடகம். கூடவே ஒரு நடனம்: 'தி வாப்பிங் லேண்ட்லேடி'. இன்று நான் பேச வந்தது அந்த ஆட்டத்தைப் பற்றித்தான்.

ஆடியவர்கள் யார்? பிரிட்டன் கப்பலேற்றி அனுப்பிய கைதிகள். கொட்டகையை நடத்திய ராபர்ட் சைடவேயும் 1788-இல் முதல் கப்பல் தொகுதியில் வந்த கைதிதான். பிறகு மன்னிப்புப் பெற்று, ரொட்டி சுட்டுப் பிழைத்தவர். ஆண், பெண் கைதிகள் சிலர் அனுமதி வாங்கி 1796 ஜனவரி 16-இல் கொட்டகையைத் திறந்ததாக, குடியேற்றத்தின் நீதி அதிகாரி டேவிட் காலின்ஸ் எழுதிவைத்திருக்கிறார். உடைகளைப் பெரும்பாலும் அவர்களே தைத்துக்கொண்டார்களாம். அவற்றில் பளிச்சென்று இருந்த சில, இங்கிலாந்தின் யார்க் நாடக அரங்கில் ஏற்கெனவே உழைத்துத் தேய்ந்தவை. அதைச் சொல்லும்போது அந்த அதிகாரியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு தெரிகிறது.

கேலரிக்கு ஒரு ஷில்லிங். கையில் காசு புழங்காத ஊர் அது. மாவும் இறைச்சியும் சாராயமும் கொண்டுவந்தாலும் உள்ளே விட்டார்கள். வாரப் படியாகக் கிடைத்த மாவை அளந்து கொடுத்துவிட்டு, அரை வயிற்றோடு ஆட்டம் பார்த்தவர்களை நினைத்துப் பாருங்கள்!

வாப்பிங் என்பது லண்டனில் தேம்ஸ் கரையோரத் துறைமுகப் பகுதி. கரையிறங்கும் மாலுமிகள், அவர்களின் பையைக் காலிசெய்யக் காத்திருக்கும் மதுக்கடைகள், தங்கும் விடுதிகள். கடற்கொள்ளையரைத் தூக்கிலிட்ட துறையும் அங்கேதான் இருந்தது. அந்த உலகத்திலிருந்து பிறந்து, லண்டன் மேடைகளில் ஏற்கெனவே பேர்போன நகைச்சுவை ஆட்டம் இது. சிட்னிக் கேலரியில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் அப்படிப்பட்ட சந்துகளிலேயே பிடிபட்டவர்களாக இருந்திருப்பார்கள். விடுதிக்காரி மேடைக்கு வந்ததும், "இவளை எனக்குத் தெரியும்" என்று எத்தனை பேர் முழங்கையால் இடித்துக்கொண்டார்களோ. இது என் கற்பனை. ஆனால் திரும்பிப் போக வழியில்லாத ஊரின் ஆட்டத்தை வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் ஒத்திகை பார்த்தவர்களை வெறும் கேளிக்கைக்காரர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

எல்லோரும் கொட்டகையில் இருக்கும் நேரம் பார்த்து வீடுகளில் திருட்டு நடந்தது. 1798-இல் ஆளுநர் ஹன்டர் கொட்டகையை மூடச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். நோட்டீஸை அச்சடித்த ஜார்ஜ் ஹியூஸின் மர அச்சுப்பொறியும் முதல் கப்பல்களில் வந்ததுதான். இயக்கத் தெரிந்தவர் இல்லாமல் ஏழு வருடம் சும்மா கிடந்தது. ஹியூஸ் மட்டும் வராமல் போயிருந்தால், அந்தச் சனிக்கிழமை இரவு ஆடிய கால்கள் நமக்குத் தெரிந்தே இருக்காது.