தலைமாட்டில் நிற்கிற ஆள்

வணக்கம், நேயர்களே. கொஞ்சம் உங்கள் கையை வயிற்றின் மேல் வைத்துப் பாருங்கள். ஏறி இறங்குகிறதா? நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அரை லிட்டர் காற்று. தூங்கும்போதும் நடக்கிறது. நான் மயக்க மருந்து மருத்துவர். இது நின்றுபோனவர்களுக்கு மூச்சு கொடுப்பதுதான் என் வேலை.

தொற்றுநோயோ பெரிய விபத்தோ வந்து ஐசியு நிரம்பிவிடும்போது, கையில் தூக்கிப் போகிற சிறிய வென்டிலேட்டர்களை, அதாவது மூச்சு கொடுக்கிற பெட்டிகளை, வார்டுக்கும் வராந்தாவுக்கும் கொண்டுவருகிறோம். உடனே எல்லோரும் கேட்பது, எத்தனை பெட்டி இருக்கிறது என்றுதான். எத்தனை ஆள் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1952ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவுகிறது. பிளெக்டாம் மருத்துவமனைக்கு நாளுக்கு 50 பேர் வரைக்கும் வந்து குவிகிறார்கள். பலருக்கு மூச்சுத் தசை செயலிழந்துவிட்டது. அங்கே இருந்ததோ உடம்பை உள்ளே வைத்து மூடுகிற பெரிய இரும்பு நுரையீரல் ஒன்று, மார்பில் கவசம்போல் மாட்டுகிற கருவிகள் ஆறு. அவ்வளவுதான். இந்தக் கருவிகளில் வைத்த முதல் 31 பேரில் 27 பேர் மூன்று நாளுக்குள் இறந்துபோனார்கள்.

அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து மருத்துவரைக் கூப்பிட்டார்கள். என் துறைக்காரர் என்பதால் இவர் பெயரைச் சொல்லும்போது எனக்கு ஒரு சந்தோஷம். ஆகஸ்ட் 27. பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை, திணறிக்கொண்டிருக்கிறாள். கழுத்தில் துளையிட்டு, மூச்சுக்குழாயில் டியூப் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்தார் இப்சன். குழந்தை பிழைத்தாள்.

சரி, ஒருவருக்குச் செய்யலாம். ஒரே நேரத்தில் எழுபது பேருக்கு எப்படிச் செய்வது? மருத்துவ மாணவர்களை அழைத்தார்கள். ஏறக்குறைய 1,500 மாணவர்கள், முறை வைத்து, இரவும் பகலும், ஆளுக்கொரு கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில். எழுபது பேருக்கும் கருவி வந்து சேரவில்லை, நேயர்களே, ஆள் வந்தார்கள். பத்துக்கு எட்டு ஒன்பது என்றிருந்த சாவு பாதிக்கும் கீழே இறங்கியது.

அந்தப் பையை அழுத்தியவர்களுக்குத் தெரியும். நுரையீரல் இளகி இருந்தால் பை சுலபமாக அமுங்கும். சளி அடைத்தால் கை உடனே சொல்லிவிடும், விறைப்பாக எதிர்த்து நிற்கும். எங்கோ டியூப் கழன்றுவிட்டால் பை தொளதொளவென்று போய்விடும். இன்றைய பெட்டி இதையே அலாரமாகச் சொல்கிறது. அழுத்தம் கூடினால் எங்கோ அடைப்பு அல்லது மடிப்பு. அழுத்தம் குறைந்தால் எங்கோ கழன்றிருக்கிறது. ஆனால் அலாரம் அடித்தால் கேட்பதற்கு ஒருவர் வேண்டுமே! ஒரு நெரிசலான இரவில், போர்வைக்கு அடியில் டியூப் கழன்று, அலாரம் கத்திக்கொண்டே இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். சுற்றிலும் பத்துக் கருவிகள் கத்தின. எது எதற்கென்று புரியாத சத்தம். நல்லவேளை, ஒரு நர்ஸ் மார்பு அசையவில்லை என்று கவனித்துவிட்டார். கண்டுபிடித்தது அவர் கண்.

அப்புறம் ஆக்சிஜன். சிறிய வென்டிலேட்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று சிலிண்டரின் அழுத்தத்திலேயே ஓடுவது. மின்சாரம் வேண்டாம், ஆனால் சிலிண்டர் தீர்ந்தால் மூச்சும் நின்றுவிடும். இன்னொன்று உள்ளே சின்ன விசிறி வைத்து அறைக் காற்றை இழுத்துத் தள்ளுவது. சிலிண்டர் தீர்ந்தாலும் பேட்டரி இருக்கும்வரை வெறும் காற்றையாவது கொடுக்கும். 1,500 லிட்டர் சிலிண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்கு நிமிடத்துக்கு 8 லிட்டர், முழுக்க ஆக்சிஜனாகக் கொடுத்தால் மூன்று மணி நேரம்தான். இந்தக் கணக்கைப் போட்டு வைக்கவும் ஆள்தான் வேண்டும்.

யாருக்கு எந்தக் கருவி? நிமோனியாவில் விறைத்துப்போன நுரையீரல் என்றால் அவருக்கு ஐசியுவின் பெரிய கருவியே வேண்டும். நுரையீரல் நன்றாக இருந்து, தசையோ மூளையோ ஓய்ந்துபோனவரைச் சிறிய பெட்டிக்கு மாற்றலாம். இப்படி மாற்றினால் பெரிய கருவி ஒன்று காலியாகும். எடையைப் பார்த்து மூச்சின் அளவை வைக்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருப்பதில்லை. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு 400 மில்லிலிட்டர் அளவில் தொடங்கினால் போதும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை காட்டுகிறார்கள். வடிகட்டிகளைப் பற்றியும், நோயாளியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன், முடியவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வென்டிலேட்டர் ஓடுகிற ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஓர் ஆம்பு பேக், அதாவது கையால் அழுத்தி மூச்சு கொடுக்கிற பை, தொங்கட்டும். பெட்டி நின்றால் காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கழற்றுங்கள், பையை மாட்டுங்கள், மார்பு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே அழுத்துங்கள். பெட்டியை அப்புறம் பார்க்கலாம். நன்றி, வணக்கம்.